தங்கூசி கட்டி நேர் பார்த்த கார்

சிலாபத்தில் போன கிழமை காரை வீல் எலைன்மென்ட் பார்க்கக் கொடுத்துவிட்டு அந்தக் கடையின் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நான் கார் ஓட்டும் சீரை அறிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். இந்தப் பக்கத்து ரோட்டில் பள்ளம் உள்ள இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது விழுந்து எழும்பியிருக்கிறேன். கடைக்காரர் நான்கு சக்கரங்களிலும் எதையோ மாட்டிவிட்டு, திரையைப் பார்த்தபடியே, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். இடப் பக்கம் என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, மூக்கில் கிறீஸ் மணம் ஏறியது. பக்கத்தில் இன்னொரு வாகனத்துக்கு யாரோ கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள், வேறொன்றுமில்லை. ஆனால் எனக்குக் கிறீஸ் மணத்தோடு முருங்கைக் கீரை மணமும் சேர்ந்தே வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன். அதைச் சொல்லத் தொடங்கினால் மனசுக்கு நல்லாயிராது என்பதால் இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

புத்தளம் பக்கம் மாம்புரியில் எங்கள் தென்னந்தோட்டத்தின் ஒரு மூலையில் மன்னார் மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமாவின் பெயர் ஹனீபா. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எங்கள் வாப்பா மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் மன்னார் மாமா, மாமி மன்னார் மாமி. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக எழுப்பிவிட்டபோது வந்தவர்கள். நான் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. வாப்பாதான் அவர்களை அழைத்துவந்து அந்த மூலையைக் காட்டி, "சண்ட முடியுற வரைக்கும் இதுல இரிங்க, நம்மட வீடு மாதிரி" என்றாராம். அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி மாமி எத்தனையோ தடவை கண் கலங்கியிருக்கிறார். அந்த நேரம் அப்படி ஒரு வார்த்தை சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? வாப்பா நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் எடுபடாது.

தென்னோலைக் கிடுகுக் குடிசை கொஞ்சக் காலத்தில் கல் வீடு ஆனது. தோட்டத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு அந்த மூலையில்தான் இருந்தது. கடல் பக்கமிருந்து வரும் காற்றும் அங்கேதான் விழும். மாமா ஒரு பழைய மொரிஸ் மைனர் வாங்கி ஹயர் ஓடினார். பிரசவத்துக்கும் அந்தக் கார்தான், பெண் பார்க்கவும் அந்தக் கார்தான், மௌத்து வீட்டுக்கும் அந்தக் கார்தான். உள்ளே ஏறினால் பெட்ரோலும் சாம்பிராணியும் கருவாடும் கலந்த ஒரு மணம். எனக்கு முதல் நியமனம் கிடைத்த அன்று பாடசாலை வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் மாமாதான். புதுச் சாரியில் கருவாட்டு மணத்தோடு போய் இறங்கினேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் என்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தக் காரைப் பற்றி இன்னொன்று. மாமா அதை எப்போதும் பின்பக்கமாகத்தான் தோட்டத்துக்குள் எடுப்பார். ரோட்டில் நிறுத்தி, கழுத்தைத் திருப்பி, மணலில் சில்லுப் புதையாமல் கேற்றால் உள்ளே எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவார். மழையானாலும், காய்ச்சலானாலும், ஆள் களைத்து விழப்போகிற நிலையிலும் அப்படித்தான். நான் பெரிய அறிவாளி மாதிரி அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஒரு நாள் திடீரென்று ஓடிவந்தவர் அல்லவா, இன்னொரு நாள் ஓட வேண்டிவந்தால் திருப்ப நேரமிருக்காது என்று மனசில் பயம் கிடக்கிறது. பாடசாலை ஓய்வறையில் மற்ற ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லி "பாவம்" வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போர் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அது ஓய்ந்த கையோடு ஊரில் ஒரு கேள்வி நடமாடத் தொடங்கியது. "எப்ப போறீங்க?" கடையில் பாண் வாங்கப் போனால் மாமியிடம் கேட்பார்கள். பள்ளிவாசலில் மாமாவிடம் கேட்பார்கள். யாரும் கோபமாகக் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு, உங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்கிற தோரணையில்தான் கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள் தண்ணீர்க் குழாயடி வரிசையும், பாடசாலை அனுமதியும், எங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வேலை அவர்கள் பிள்ளைக்குக் கிடைத்ததும் எல்லாம் இருந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லுகிற ஊர்தானே.

எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது, அது நான். எனக்குப் புத்தளத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், அது இல்லாமல் பேச்சு மேலே போகாது. முன்பக்கத்தைத் தாத்தாவுக்குக் கொடுத்தாயிற்று. அதாவது என் மூத்த சகோதரிக்கு. பின்பக்கம் மாரியில் தண்ணீர் நிற்கும். மிச்சம் இருந்தது அந்த மூலைதான். வாப்பா வாய் திறந்து சொல்லவில்லை. உம்மாவும் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து "வீடு எங்க கட்டப் போறீங்க?" என்று கேட்டபோது வாப்பாவின் கண் போன திசையை நானும் பார்த்தேன், தேத்தண்ணி கொண்டுவந்த மன்னார் மாமியும் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த மாமா, ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்துவரப் போகிறேன் என்றார். முசலிப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு வீட்டு அத்திவாரமும் இருந்தன. அந்த நாட்களில் எலுவன்குளத்தால் காட்டுக்குள்ளே மன்னாருக்குப் போகிற பாதையைத் திறந்திருந்தார்கள். செம்மண் ரோடு, ஆற்றுத் தண்ணீர் மேலால் பாயும் சப்பாத்துப் பாலம், யானை, எல்லாம் உண்டு. அந்த ரோட்டில் போக கார் நேராக ஓட வேண்டும். மாமாவின் கார் இடப் பக்கம் இழுத்தது. கையை விட்டால் நேரே ரோட்டோரப் பீலிக்குள் போய்விடும். முன் டயர்களின் ஓரம் மீன் செதிள் மாதிரி எழும்பியிருந்தது.

புத்தளத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அவர்களின் கம்ப்யூட்டருக்கு இந்தக் காரைத் தெரியாதாம். "இந்தக் கிழட்டுக் காருட வயசுக்கு எங்கட மெசின்ல கணக்கு இல்ல" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதனால் மாமா வீட்டிலேயே பார்க்க முடிவு செய்தார். என்னிடம் வந்து, "டீச்சர், உங்கட அடிமட்டத்த ஒருக்காத் தாங்கோ" என்றார். வகுப்பில் கோடு கீறுகிற அந்த அளவுகோலைக் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

காரின் நான்கு மூலையிலும் முளை அடித்தார். வலை பின்னுகிற தங்கூசி நூலை இரண்டு பக்கமும் சில்லின் நடு உயரத்துக்கு இழுத்துக் கட்டினார். கார் இரண்டு நூலுக்கும் நடுவே நின்றது. முன் சில்லுகளுக்குக் கீழே இரண்டிரண்டு டைல்ஸ் துண்டு, இடையில் கிறீஸ், சில்லு இறுகாமல் வழுக்கித் திரும்புவதற்காக. பிறகு நூலிலிருந்து றிம்மின் முன் ஓரத்துக்கு எவ்வளவு, பின் ஓரத்துக்கு எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளப்பது என் வேலை. இரண்டு சில்லும் முன்பக்கம் ஒரு நெல்லளவு உள்ளே பார்த்தபடி நிற்க வேண்டும், அதுதான் சரி என்றார் மாமா. சரியில்லாவிட்டால் கீழே படுத்துக்கொண்டு, சில்லைத் திருப்புகிற கம்பியான டைரொட்டைக் கொஞ்சம் திருகுவார்.

ஓட்டுகிறவரின் பாரம் இல்லாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால் மாமி சாரதி ஆசனத்தில் உட்கார வேண்டும். மாமி சும்மா இருக்கிற ஆள் இல்லை. மடியில் முருங்கைக் கீரையை வைத்து உருவி உருவி, ஈர்க்கை யன்னலால் எறிவார். அது கீழே கிடக்கும் மாமாவின் காலில் விழும்.

"அசையாம இரிங்களேன் மனுசி. நீங்க அசைய அசைய அளவு மாறுது."

"பாரத்துக்கெண்டுதானே ஏத்தி வெச்சிரிக்கீங்க. பாரம் பேசாம இரிக்கணுமெண்டா ஒரு மூட்ட உப்ப ஏத்தியிரிக்கலாம்."

"உப்பு மூட்ட பேசாதுதான். ஆனா அவ்வளவு பாரமும் வராது."

யன்னலால் ஒரு பிடி ஈர்க்கு மொத்தமாக வந்து விழுந்தது. நான் சிரித்துச் சிரித்து அடிமட்டத்தைப் பிழையாகப் பிடித்தேன்.

அன்று அளவு சரிவந்தது. மாமா காரை எடுத்துப் பார்த்தார். இழுத்தது. திரும்பிவந்து வழக்கம்போலப் பின்பக்கமாக உள்ளே எடுத்து டைல்ஸ் மேல் நிறுத்தினார். மறுபடி நூல், மறுபடி அடிமட்டம், மறுபடி முருங்கைக் கீரை. அளவு சரி. ரோட்டில் ஏறினால் இழுக்கும். அடுத்த கிழமையும் அப்படியே, அதற்கடுத்த கிழமையும் அப்படியே. மாமா என்னைச் சந்தேகப்பட்டார். நான் அடிமட்டத்தைச் சந்தேகப்பட்டேன். மாமி இரண்டு பேரையும் சந்தேகப்பட்டார்.

அந்த நாட்களில் என் மனசு கிடந்த கிடையைச் சொல்ல வேண்டும். கார் நேரானால் அவர்கள் போவார்கள், எனக்கு வீடு வரும். நேராகாவிட்டால் மாமி இருப்பார், எனக்குக் கல்யாணம் தள்ளிப் போகும். ஒவ்வொரு தடவை றிம்முக்குப் பக்கத்தில் குந்தும்போதும் யா அல்லாஹ் சரிவரட்டும் என்று கேட்பேன். கேட்ட வாய் மூடுமுன் சரிவராமல் போகட்டும் என்றும் கேட்பேன். இரண்டில் எதைக் கேட்டாலும் நெஞ்சு உறுத்தியது. காரைத் திருத்த உதவி செய்கிறேனா, வெளியே போகிற கதவைத் திறந்து பிடிக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. நாசமாய்ப் போன அடிமட்டத்தை ஏன் கொடுத்தேன் என்று இருந்தது.

ஒரு நாள் தேங்காய் ஏற்ற சிலாபத்திலிருந்து சுனில் என்கிற லொறிக்காரர் வந்தார். எங்கள் தோட்டத்துக்கு வழமையாக வருகிறவர்தான். தேங்காய் எண்ணி முடியும்வரை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எங்கள் கூத்தைப் பார்த்தார்.

"மாமா, என்ன இது, ரிவஸ்ல வந்து நிப்பாட்டிட்டு அளக்கிறது?"

"ஏன், அதுக்கென்ன?"

"அது சரி வராதே. வீல் பின்னுக்கு உருண்டா ஒரு மாதிரி நிக்கும், முன்னுக்கு உருண்டா வேற மாதிரி நிக்கும். டைரொட் கொஞ்சம் லூஸ் எண்டா பேசி வேலையில்ல. நீங்க முன்னுக்குத்தானே ஓடுறது? அப்ப முன்னுக்கு வந்து நிப்பாட்டித்தான் பாக்கணும். நானும் இப்பிடி ரெண்டு டயர நாசம் பண்ணி முதலாளிக்கிட்ட நல்லா வாங்கினது."

அவ்வளவுதான் விசயம். பின்பக்கமாக உருண்டு வந்த சில்லை நாங்கள் கிழமைக் கணக்காக அளந்து திருகியிருக்கிறோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. முன்னுக்கு ஓட்டிவர வேண்டுமென்றால் காரை வெளியே எடுத்து, கேற்றால் நேரே உள்ளே விட்டு, மூக்கு வீட்டைப் பார்க்க நிறுத்த வேண்டும். மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி, ரோட்டுக்குப் போய்த் திரும்பி, மெதுவாக நேரே உள்ளே வந்தார். காரின் இரண்டு விளக்கும் மாமியின் குசினி வாசலைப் பார்த்தபடி நின்றன.

மாமி கீரைச் சுளகோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "எவ்வளவு காலத்துக்குப் பொறகு ஊட்டப் பாத்து நிக்குது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "இனிப் பயமில்லத்தானே மாமி, ஓட வேண்டி வராது" என்றேன்.

மாமி என்னை விளங்காமல் பார்த்தார். "ஓடவா?"

"திடீரெண்டு போக வேண்டி வந்தா எண்டு பயத்துலதானே மாமா எப்பவும் ரோட்டப் பாத்து நிப்பாட்டுறது?"

"அடி மகள், ஓடுற நேரம் எங்களுக்கிட்ட காரா இருந்திச்சி? கொஞ்சம் நடந்து, கொஞ்சம் தோணில வந்தம். கார் வாங்கின புதுசுல நேரதான் கொண்டந்து நிப்பாட்டுவார். பொறகு அந்தச் சமாதானம் பேசின காலம் வந்திச்சே, அப்ப உங்கட வாப்பா கேட்டார், இனிப் போகலாந்தானே ஹனீபா எண்டு. சும்மாதான் கேட்டார், அவர்ல பிழையில்ல. அண்டைக்கு இவர் வந்து சொன்னார், நானா, அதான் உங்கட வாப்பா, காலையில எழும்பினா இந்தப் பக்கந்தான் பாக்குறார், நாங்க வேர் விட்டுட்டம் எண்டு அவருக்குப் படக்கூடாது எண்டு. அண்டையில இருந்துதான் திருப்பி நிப்பாட்டுறது."

கோபமோ குறையோ அந்தக் குரலில் இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அந்தச் சமாதான காலத்தில் நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நாள் தவறாமல், எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து தெரியும்படி, போவதற்குத் தயாராகத்தான் இருக்கிறோம் என்று அந்த மனிதர் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பயந்தது எங்களுக்கு. அதைப் பார்த்து நான் ஓய்வறையில் "பாவம்" என்று கதை சொல்லியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே கார் நேராகிவிட்டது. டைரொட்டில் சின்னத் திருகல்தான் தேவைப்பட்டது. மாமா சந்திவரை ஓட்டிவிட்டு வந்து, ஸ்டியரிங்கில் விரல்கூட வைக்கத் தேவையில்லை என்று குழந்தை மாதிரிச் சொன்னார்.

மாமி சொன்னதைச் சொல்லி வாப்பாவிடம் போய்க் கேட்டேன். "அப்பிடிக் கேட்டேனா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. எங்களுக்கு ஞாபகத்தில்கூட நிற்காத ஒரு பேச்சு. வாப்பா செருப்பையும் போடாமல் தோட்டத்துக்குள் இறங்கினார். நானும் உம்மாவும் பின்னால் போனோம்.

"ஹனீபா, நீங்க எங்கயும் போக வாணாம். இது உங்கட இடந்தான். பிள்ளைக்கு நான் வேற இடம் பாக்குறன்."

மாமா வாப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நானா, உங்கட மனசு எனக்குத் தெரியாதா? நாங்க போறதுக்குத்தானே இவ்வளவு பாடு. பிள்ளைக்கு ஊடு வேணும்."

நானும் இருங்க மாமா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருகிறார்கள் என்பதும், இதைச் சொல்ல நாங்கள் பிந்திவிட்டோம் என்பதும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாமி என் தலையைத் தடவிவிட்டார். அந்தக் கையை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

காணியைப் பார்க்கப் போனவர்கள், எல்லாம் காடாய்க் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பிவந்தார்கள். நான் சந்தோசப்பட்டேன், பிறகு சந்தோசப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவர்கள் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். சுனிலின் லொறியில் கதவு, யன்னல், தகரம், ஒரு ஆடு. முன்னால் மொரிஸ் மைனர். போகுமுன் மாமி அந்த மூலை முழுக்கக் கூட்டி, குப்பையை எரித்து, கிணற்று வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கார் எங்கள் ரோட்டில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. அளந்து கொடுத்தது நான்தானே.

இப்போது அந்தக் காட்டுப் பாதை மூடிக் கிடக்கிறது. மன்னாருக்குப் போவதென்றால் அனுராதபுரம் பக்கத்தால் சுற்ற வேண்டும். சுற்றிப் போய் ஒரு தடவை பார்த்தேன், மாமா மௌத்தான போது. காரை அதற்கு முதலே விற்றுவிட்டார்களாம். வாப்பாவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் பாதி மரம் பட்டுப் போயிற்று. சந்திக் கடையில் மன்னார்ப் பேச்சு கேட்டு எத்தனையோ காலமாகிறது.

அந்த மூலையில் எனக்கு வீடு கட்டினார்கள். நல்ல வீடு. இரண்டு வருடம் இருந்தோமோ என்னவோ, என் கணவருக்குச் சிலாபத்துக்கு மாற்றம் வந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கேயே ஆகிவிட்டது. முதலில் லீவுக்குப் போவோம். பிறகு பெருநாளுக்கு மட்டும். கடைசியாகப் போனபோது கடல் பக்கத்துக் கதவைத் திறக்க முடியவில்லை, வெளியே மணல் அவ்வளவு உயரம் ஏறியிருந்தது. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரர் கார் சரி என்று சாவியைக் கொடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. மன்னார் மாமி. மாதத்துக்கு ஒரு தரமாவது எடுப்பார். நாங்கள் சிலாபத்துக்கு வந்துவிட்டதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், என் முழங்கால் வலியைக் கேட்டார். வைக்கப்போகும் நேரம் வழமையாகக் கேட்கிறதையும் கேட்டார்.

"அந்த மூலைக்கு நல்ல காத்து வருமே மகள். பின்னேரத்துல கடல் பக்கத்து யன்னலத் திறந்து வெக்கிறீங்களா?"

சிலாபத்து ரோட்டில், லொறிச் சத்தம் அவருக்குக் கேட்காதபடி வாயையும் தொலைபேசியையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு, "ஓம் மாமி, திறந்துதான் வெச்சிருக்கன்" என்றேன்.